‘இயேசு என்று ஒருவர் இருக்கவேயில்லை’: இப்படி வீடியோ வந்தால் என்ன செய்வது?

முதலில் வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு கொப்பியை எடுங்கள். பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூடக் கொப்பியின் பின்பக்கம் போதும். வீடியோவில் சொல்வதை ஒரு வரிக்கு ஒரு கூற்றாக எழுதுங்கள். பின்னணி இசை, பிரமிட்டுப் படம், ‘வத்திக்கான் மறைக்கும் இரகசியம்’ என்று அடித்தொண்டையில் வரும் குரல் எதுவும் கொப்பியில் ஏறாது. பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

நான் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் விறாந்தையில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். முன்பெல்லாம் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ‘ஆதாம் ஏவாளின் மகன் யாரைக் கலியாணம் கட்டினான்’ என்பதுதான். இப்போது பெடியள் போனைத் தூக்கிக் காட்டி, ‘ரீச்சர், ஹோரஸ் என்று ஒருத்தர் இருந்தாராமே’ என்கிறார்கள். கனடாவில் இருக்கும் என் அத்தான் வேறு வட்ஸ்அப்பில் வாரம் தவறாமல் ஒன்று அனுப்புவார். ஆகவே இது அனுபவத்தில் எழுதுவது. விசுவாசத்தைக் காப்பாற்றவும் இல்லை, கெடுக்கவும் இல்லை. ஒரு கூற்றைக் கையில் எடுத்து எப்படிப் பார்ப்பது என்பது மட்டுமே.

எழுதி முடித்ததும் கூற்றுகளை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பாருங்கள். ஒரே வீடியோவில் ‘இயேசு கற்பனை’ என்றும் வரும், ‘அவர் சிலுவையில் சாகாமல் காஷ்மீருக்கு வந்து அங்கேயே அடக்கமானார்’ என்றும் வரும். ‘ரோமச் சக்கரவர்த்தி உண்டாக்கிய பாத்திரம்’ என்றும் வரும், ‘அவருக்குப் பெண்சாதி பிள்ளை இருந்ததை ரோமாபுரி மறைத்தது’ என்றும் வரும். இல்லாத ஆளுக்கு ஏது கல்லறை, ஏது பெண்சாதி? எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய ஆதாரக் குவியல் போலத் தெரிவது, ஒன்றை ஒன்று அடிப்பதை யாரும் கவனிக்காததால்தான். எதை எடுத்துக் கதைக்கப்போகிறோம் என்று முதலில் வீடியோ அனுப்பியவரையே கேளுங்கள்.

ஆண்டுக் கோடு

அடுத்து, கொப்பியில் நீளமாக ஒரு கோடு. இடது முனையில் 30 என்று போடுங்கள். இயேசு சிலுவையில் அறையப்பட்டது ஏறக்குறைய அந்த ஆண்டில். சமயத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன பவுலின் கடிதங்களில் மிகப் பழையதாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்ளும் தெசலோனிக்கருக்கான முதல் கடிதம் 50ஐ ஒட்டியது. மாற்கு நற்செய்தி 70ஐ ஒட்டி. மத்தேயுவும் லூக்காவும் 80, 90 வாக்கில். யோவான் முதல் நூற்றாண்டின் கடைசியில். யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் 93 அல்லது 94. ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் 116 அளவில்.

பிறகு கோட்டை வலது பக்கம் நன்றாக நீட்டுங்கள். வீடியோவில் உள்ள கூற்றை முதன்முதலில் சொன்னது யார், எந்த ஆண்டில் என்று தேடி அங்கே போடுங்கள். பதினாறு தெய்வங்கள் சிலுவையில் செத்தார்கள் என்று அமெரிக்கர் கெர்சி கிரேவ்ஸ் எழுதியது 1875இல். இயேசு திபெத்துப் பக்கம் வந்து படித்தார் என்று ரஷ்யர் நோட்டோவிச் புத்தகம் போட்டது 1894இல். இயேசு தமிழர் என்று மராத்தியில் கணேஷ் சாவர்க்கர் எழுதிய புத்தகம் வெளிவந்தது 1946இல். ரோமின் ஃபிளேவியன் அரச குடும்பம்தான் நற்செய்திகளை எழுதுவித்தது என்று ஜோசப் அட்வில் சொன்னது 2005இல். பிள்ளைகள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள், கோடு கொப்பியை விட்டு வெளியே போய்விடும்.

பிந்திச் சொன்னதால் மட்டும் ஒன்று பொய்யாகிவிடாது. பிந்தி வந்தவர் முந்தைய ஆதாரம் ஏதாவது காட்டுகிறாரா என்று பாருங்கள். நோட்டோவிச்சின் கதை இதற்கு நல்ல பயிற்சி. லடாக்கில் ஹெமிஸ் மடத்தருகே கால் முறிந்து தங்கியபோது, ‘ஈசா’ என்ற மகானின் சரித்திரச் சுவடிகளைத் தலைமை லாமா வாசித்துக் காட்டினார் என்றார். அடுத்த வருடமே ஆக்ராவில் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஆர்ச்சிபால்ட் டக்ளஸ் மினக்கெட்டு அந்த மடத்துக்கே போய் லாமாவைக் கேட்டார். அப்படிச் சுவடியும் இல்லை, அப்படி ஒருவருக்கு வாசித்துக் காட்டவும் இல்லை என்றார் லாமா. ஒருவர் நேரே போய்க் கேட்டிருக்கிறார், பதிலும் கிடைத்திருக்கிறது. ஆனால் வீடியோக்களில் நோட்டோவிச் மட்டும் வருவார், டக்ளஸ் வரமாட்டார்.

அட்வில் சொன்னதற்குக் கோடே பதில் சொல்லும். ஃபிளேவியன் குடும்பத்து வெஸ்பாசியன் ஆட்சிக்கு வந்தது 69இல். பவுலின் கடிதங்கள் அதற்கு முன்னையவை. நீரோ ரோமில் கிறிஸ்தவர்களைக் கொன்றது 64இல் மூண்ட தீயை அடுத்து. ஆட்சிக்கு வராத குடும்பம் உண்டாக்கிய சமயத்துக்காக முன்கூட்டியே ஆட்கள் செத்தார்களா?

ஆச்சியைக் கேளுங்கள்

‘இயேசு பழைய தெய்வங்களின் நகல்’ என்ற வகைதான் எங்கள் பக்கம் அதிகம் ஓடுகிறது. படத்தில் ஒரு பட்டியல் இருக்கும்: ஹோரஸ், மித்ரா, கிருஷ்ணர். எல்லாரும் கன்னியிடம் பிறந்தவர்கள், டிசம்பர் 25இல் பிறந்தவர்கள், பன்னிரண்டு சீடர், சிலுவை, மூன்றாம் நாள் உயிர்ப்பு.

இதைப் பார்க்க வன்னியில் இருக்கும் எங்களுக்கு எந்த நூலகமும் வேண்டாம். பக்கத்து வளவுச் சைவ ஆச்சியிடம் போனேன். கிருஷ்ணர் கன்னிக்குப் பிறந்தவரா என்று கேட்டேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, ‘விசர்க் கதை. தேவகிக்கு எட்டாவது பிள்ளை எல்லோ’ என்றா. பிறந்தது? ‘ஆவணியில, அட்டமியில.’ செத்தது? ‘வேடன் காலில அம்பு விட்டு.’ மூன்று கேள்வியில் பட்டியலின் ஒரு வரிசை முழுவதும் போயிற்று. இதை வகுப்பில் சொன்னால் மதம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் விளங்கும். தனக்குத் தெரிந்த வரிசை இவ்வளவு பிழை என்றால், தெரியாத வரிசைகளை நம்பத் தயங்குவார்கள்.

தெரியாத வரிசைகளும் அப்படித்தான். எகிப்தியக் கதையில் ஈசிஸ், துண்டாடப்பட்ட கணவன் ஒசிரிசின் உடலைச் சேர்த்தெடுத்து அவன் மூலமே ஹோரஸைக் கருத்தரித்தாள். கன்னிப் பிறப்பு அல்ல. ஹோரஸைச் சிலுவையில் அறைந்ததாக எந்த எகிப்தியப் பாடமும் சொல்லவில்லை. ரோமர்களின் மித்ராஸ் பாறையிலிருந்து வெளிவந்தவர், சிலைகளில் அப்படித்தான் செதுக்கியிருக்கிறார்கள். அந்த வழிபாட்டுக்கு ரோம உலகில் கிடைக்கும் தடயங்களே முதல் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் தொடங்குகின்றன, கோட்டில் பவுலுக்குப் பின்னால்.

டிசம்பர் 25 விஷயத்தில் மட்டும் வீடியோக்காரருக்குக் கொஞ்சம் மார்க் போடவேண்டும். பைபிளில் அந்தத் தேதி இல்லை. அவுரேலியன் என்ற சக்கரவர்த்தி 274இல் சூரியக் கடவுளுக்கு ரோமில் பெரிய கோயில் எடுத்தார். 354ஆம் ஆண்டின் ரோம நாட்காட்டி ஒன்றில் அதே டிசம்பர் 25 ‘வெல்லப்படாதவரின் பிறப்பு’ (சூரியக் கடவுளைத்தான் சொல்கிறார்கள்) என்றும் இருக்கிறது, கிறிஸ்துவின் பிறப்பு என்றும் இருக்கிறது. யார் யாரைப் பார்த்து வைத்தார்கள் என்பதில் ஆய்வாளரிடையே இன்னும் வாதம் உண்டு. ஆனால் இது பண்டிகைத் தேதி பற்றிய கதை, அந்த மனிதர் இருந்தாரா என்பது பற்றியதல்ல. கொப்பியில் இரண்டையும் ஒரே வரியில் எழுதாதீர்கள்.

எதிரியின் சாட்சி

‘அவர் இருக்கவேயில்லை’ என்பதுதான் எல்லாவற்றிலும் கனமான கூற்று. ஜெர்மனியில் புரூனோ பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி, ஆர்தர் ட்ரூஸ் 1909இல் எழுதி, 2014இல் ரிச்சர்ட் கரியர் தடித்த புத்தகமாகப் போட்டது வரை இதற்குப் படித்தவர்களே வாதாடியிருக்கிறார்கள். ஆகவே சிரித்துத் தள்ளாதீர்கள். ஆனால் வரலாற்று அறிஞர்களில் மிகப் பெரும்பாலோர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் சேர்த்து, இதை ஏற்கவில்லை. பார்ட் எர்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கடவுள் உண்டென்று சொல்பவர் அல்ல. 2012இல் இதற்கு மறுப்பாக ஒரு புத்தகமே எழுதினார்.

இதை விளக்க நான் பிள்ளைகளைக் கற்சிலைமடுவுக்குக் கூட்டிப்போவேன், மனதால்தான். ஆங்கிலேயரை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் நாடகத்தை எங்கள் பக்கம் பார்க்காதவர் இல்லை. அதில் காதல் உண்டு, காக்கைவன்னியனின் துரோகம் உண்டு, மேடையில் வீரமரணம் உண்டு. எவ்வளவு நாடக ஆசிரியர் கற்பனை, எவ்வளவு நடந்தது? சரி, நாடகத்தை முழுதாக ஒதுக்குங்கள். கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் வைத்த கல் என்ன சொன்னது? இந்த இடத்துக்கருகில் கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்டோபர் 31இல் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்று. எதிரி இல்லாத ஆளைத் தோற்கடித்ததாகக் கல் வைக்கமாட்டான். ஆகவே ஆள் இருந்தான். இன்னும் கிட்டப் போய் வாசியுங்கள்: கல்லில் இருந்த சொல் ‘தோற்கடித்தான்’. ‘கொன்றான்’ அல்ல. நாடகத்தில் வரும் கடைசிக் காட்சிக்கு அந்தக் கல் சாட்சி இல்லை.

இதே கண்ணால் டாசிடசை வாசியுங்கள். அவர் கிறிஸ்தவர்களை வெறுத்தவர், அவர்களுடைய சமயத்தைக் கேடுகெட்ட மூடநம்பிக்கை என்றே எழுதுகிறார். அப்படிப்பட்டவர், இவர்களுடைய பெயருக்குக் காரணமான கிறிஸ்து, சக்கரவர்த்தி திபேரியுவின் ஆட்சியில் பொந்தியு பிலாத்துவால் கொல்லப்பட்டான் என்று பதிவு செய்கிறார். ஆள் இருந்தார், இன்ன ஆளுநரின் கையில் செத்தார் என்பதற்கு அது சாட்சி. உயிர்த்தார் என்பதற்குச் சாட்சி அல்ல. பிலாத்துவின் பெயரும் பதவியும் பொறித்த கல் 1961இல் செசரியாவில் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

ஜோசிஃபஸ் கொஞ்சம் சிக்கல். அவருடைய நூலின் பதினெட்டாம் புத்தகத்தில் இயேசுவைப் பற்றி ஒரு பந்தி இருக்கிறது. அதில் ‘அவரே கிறிஸ்து’ என்று வருகிறது. வீடியோக்காரர்கள் இது கிறிஸ்தவர்கள் பிறகு செருகியது என்கிறார்கள். இங்கே வாயை மூடிக்கொண்டு தலையாட்டுங்கள், ஏனென்றால் அதில் கைவைத்தது உண்மை. மூன்றாம் நூற்றாண்டில் ஒரிஜன் என்ற கிறிஸ்தவ அறிஞரே, ஜோசிஃபஸ் இயேசுவைக் கிறிஸ்துவாக நம்பாதவர் என்று எழுதியிருக்கிறார். அவர் கையில் இருந்த பிரதியில் அந்த வரி இருந்திருந்தால் அப்படி எழுதமாட்டார். பந்தியில் ஒரு பகுதி ஜோசிஃபஸ் எழுதியது, மிச்சம் செருகியது என்பதே பெரும்பாலானோர் முடிவு. ஆனால் அதே நூலின் இருபதாம் புத்தகத்தில், 62இல் நடந்த ஒரு கொலையைச் சொல்லும்போது, ‘கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர் யாக்கோபு’ என்று போகிற போக்கில் ஒரு தொடர் இருக்கிறது. புகழ்ச்சி இல்லை, பக்தி இல்லை. செருகுகிறவன் இவ்வளவு கஞ்சத்தனமாகச் செருகமாட்டான். பவுலும் கலாத்தியருக்கு எழுதும்போது, கேபாவோடு (பேதுருதான்) பதினைந்து நாள் தங்கியதையும் ஆண்டவரின் சகோதரர் யாக்கோபைக் கண்டதையும் சொல்கிறார். கற்பனைப் பாத்திரத்தின் தம்பியை யாரும் எருசலேமில் போய்ச் சந்திக்க முடியாது. இயேசுவின் இருப்புக்கு ஒரே ஒரு ஆதாரம்தான் சொல்லலாம் என்றால் நான் இந்த யாக்கோபைத்தான் சொல்வேன்.

துண்டும் பெட்டியும்

புதிதாக ஒரு பொருள் கிடைத்தது என்று செய்தி வந்தால், மூன்று கேள்வி: எங்கே தோண்டினார்கள்? இதுவரை யார் கையில் இருந்தது? எழுத்தைப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? 2012இல் ஹார்வர்ட் பேராசிரியை கரென் கிங், ‘என் மனைவி’ என்று இயேசு சொல்வதாக ஒரு பப்பைரஸ் துண்டை அறிவித்தார். விசிட்டிங் காட் அளவுதான். பழைய பப்பைரஸ்தான் என்று சோதனையும் காட்டியது. ஆனால் வசனங்கள் பைபிளில் சேராத தோமா நற்செய்தியிலிருந்து வெட்டி ஒட்டியவை. இணையத்தில் கிடந்த ஒரு பதிப்பின் தட்டச்சுப் பிழைகூட அதில் இருந்தது. 2016இல் ஒரு பத்திரிகையாளர் துண்டின் பூர்வீகத்தைத் துருவிப் போனதும், அது போலியாகவே இருக்கவேண்டும் என்று கிங்கே ஒத்துக்கொண்டார். முதல் செய்தி எங்கள் குழுக்களுக்கு வந்தது, இரண்டாவது வரவில்லை.

எருசலேமில் தல்பியோத் கல்லறையில் 1980இல் கிடைத்த எலும்புப் பெட்டிகளை வைத்து, இதுதான் இயேசுவின் குடும்பக் கல்லறை என்று 2007இல் ஒரு படம் வந்தது. யோசேப்பின் மகன் இயேசு, மரியாள் என்றெல்லாம் பெயர்கள். அந்தக் காலத்து யூதேயாவில் அந்தப் பெயர்கள் எங்கள் ஊர்ச் சிவாக்களையும் குமார்களையும் போல. அவ்வளவுதான்.

ஆயர்கள் கூடிய நைசியா சங்கத்தில்தான் பைபிளை உண்டாக்கினார்கள் என்பதும் விரைவில் முடிகிற விஷயம். 325இல் சக்கரவர்த்தி கொன்ஸ்தந்தீன் கூட்டியது உண்மை. அங்கே பைபிள் புத்தகங்களைத் தெரிவு செய்தார்கள் என்பது பிழை. சங்கம் போட்ட இருபது விதிகளில் குருமார் வட்டிக்குக் கொடுக்கக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை முழந்தாளிடக்கூடாது என்றெல்லாம் உண்டு, புத்தகப் பட்டியல் இல்லை. நான்கு நற்செய்திதான் என்று ஆயர் இரேனேயு 180 அளவிலேயே அடித்துச் சொல்லிவிட்டார். இன்றைய இருபத்தேழு புத்தகங்களும் ஒரே பட்டியலாக வருவது 367இல், ஆயர் அத்தனாசியுவின் கடிதத்தில்.

எங்கள் பக்கத்தையும் சலியுங்கள்

இது பலருக்குப் பிடிக்காது. சலித்தால் இரண்டு பக்கமும் சலிக்கவேண்டும். இயேசுவின் தலைமுடி, தாடி, கண் நிறம் எல்லாம் வர்ணிக்கும் லெந்துலுஸ் கடிதம் ஞாபகமா? ரோம அதிகாரி ஒருவர் நேரில் பார்த்து எழுதியதாகப் பக்தித் தாள்களில் வரும். அது இடைக்காலத்துப் போலி. வீடியோவுக்குப் பதிலாக இதை அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். வள்ளுவர் மயிலாப்பூரில் கிறிஸ்தவப் போதனை கேட்டிருப்பார் என்று ஜி.யு. போப் 1886இல் ஊகித்தாரே, அதுவும் ஊகம்தான். எங்களுக்கு இனிப்பாக இருப்பதால் ஆதாரமாகிவிடாது.

மன்னாரில் 1544இல் சங்கிலியன் கிறிஸ்தவர்களைக் கொன்றதற்கு, சில மாதங்களுக்குள் பிரான்சிஸ் சவேரியார் எழுதிய கடிதம் இருக்கிறது. யாழ்ப்பாண வைபவமாலை அதைச் சொல்வது 1736 அளவில். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதை எந்த வரலாற்று மாணவனும் ஒப்புக்கொள்வான். அதே அளவுகோல்தான் மாற்குவுக்கும், மடுமாதா சுருவம் மாந்தையிலிருந்து வந்த கதைக்கும்.

உண்மையான கடினமான கேள்விகளை வீடியோ சொல்லும் முன் நீங்களே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மத்தேயுவின்படி இயேசு பிறந்தபோது ஏரோது உயிரோடு இருக்கிறான், அவன் செத்தது கி.மு. 4இல். இயேசு பிறந்தபோது நடந்ததாக லூக்கா சொல்லும், ரோம ஆளுநர் குரேனியுவின் குடிமதிப்பு கி.பி. 6இல். ஏறக்குறைய பத்து வருட இடைவெளியை நேர்மையாக மூட வழி இல்லை. மாற்குவின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய இரண்டு முழுப் பிரதிகளில் கிடையா. பவுலின் பெயரில் உள்ள பதின்மூன்று கடிதங்களில் ஏழுதான் ஐயத்துக்கு இடமின்றி அவருடையவை. இதெல்லாம் குருமடங்களில் படிப்பிக்கிற விஷயம்தான். பிரசங்கத்தில் மட்டும் வராது. அதனால்தான் பதினேழு வயதில் போனில் கேட்கும்போது பிள்ளைக்கு ஏதோ பெரிய சதி வெளிப்பட்டதுபோல இருக்கிறது. நான் ஓ/எல் வகுப்புப் பிள்ளைகளுக்கே இவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தாய் வந்து சண்டை பிடித்தா. பங்குச் சுவாமி சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

‘அப்ப உயிர்ப்பு, ரீச்சர்?’ என்று கட்டாயம் கேட்பார்கள். சீடர்கள் அவரைக் கண்டதாக உறுதியாக நம்பினார்கள், அதைப் பவுல் இருபத்தைந்து வருடத்துக்குள் எழுதியிருக்கிறார் என்பதுவரை வரலாறு வரும். அதற்கப்பால் வராது. வருமென்று சொல்லாதீர்கள், இல்லையென்று வரலாறு காட்டிவிட்டதாகச் சொல்பவரையும் விடாதீர்கள்.

கடைசியாகப் பதில் எழுதுவது. குழுவில் போடாமல் அனுப்பியவருக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் ஆட்களுக்கு மானம் குறுக்கே வரும். சரியானதைச் சரி என்று முதலில் சொல்லுங்கள். நான் அத்தானுக்கு எழுதியது இப்படி:

‘அத்தான், வீடியோ பார்த்தேன். டிசம்பர் 25 பைபிளில் இல்லை என்றது சரி. ஜோசிஃபசில் கைவைத்திருக்கிறார்கள் என்றதும் சரி, ஆனால் யாக்கோபு பற்றிய இடத்தை அவர்கள் சொல்லவில்லை. கிருஷ்ணர் பற்றியது முழுப்பிழை, அக்காவையே கேளுங்கோ. நைசியாவும் பிழை. காஷ்மீருக்கு வந்தார் என்றால் இல்லாத ஆள் எப்படி வந்தார் என்று நீங்களே சொல்லுங்கோ. மிச்சத்துக்கு அவர்கள் ஆதாரம் தரவில்லை, உங்களிட்ட இருந்தால் அனுப்புங்கோ.’

ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அடுத்த கிழமை, இயேசு என்பது போதைக் காளானுக்கு வைத்த சங்கேதப் பெயர் என்று புது வீடியோ. அதைச் சொன்னவர் ஜோன் அலெக்ரோ, சாக்கடல் சுவடிகளில் வேலை செய்த அறிஞர், ஆண்டு 1970. சுமேரியச் சொற்களை வைத்து அவர் கட்டிய வாதத்தை அந்த மொழி தெரிந்தவர்கள் ஒதுக்கினார்கள், பதிப்பகமே மன்னிப்புக் கேட்டது என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.